மாவு படாத சட்டை

“ஓடிப்போனவனுக்கு நீ இன்னாத்துக்கு ஆயா வக்காலத்து வாங்கறே?” என்று கேட்டாள் வேம்புலியம்மாள். குழாயடியில் என் குடத்துக்கு முன்னால் அவள் குடம். தண்ணீர் நூல்போல விழுந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் அவள் வாய்க்கு ஏதாவது வேலை வேண்டுமே.

“ஆருடி ஓடிப்போனது? பட்டப்பகல்ல, ஊரே பாக்க வாசப்படியத் தாண்டினவன ஓடிப்போனவன்றியே, அது இன்னா நாக்குடி உனக்கு?”

“பொண்டாட்டிய உட்டுட்டுப் போனா அதுக்கு வேற இன்னா பேராம்? மாமியார் சோத்த இத்தினி வருசம் துன்னான். மில்லுல வேல ஜாஸ்தியானதும் நெஞ்சப் புடிச்சிக்கினான். அந்தப் பார்வதம் இன்னாடான்னா சனிக்கெயமையானா தலைக்கு ஊத்திகினு, பூவ வெச்சிகினு பஸ் ஏறுது. எங்க போவுதுன்னு கேக்க ஆளில்ல.”

“புருசன்கிட்ட போவுது. தாலி கட்டினவனப் பாக்க ஒரு பொண்ணு குளிச்சிட்டுப் போனா உனக்குக் கண்ணு கரிக்குதா? நீ வோணா குளிக்காமப் போ, ஆரு தடுத்தா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வேம்புலியம்மாள் முக்கால் குடத்தோடு போய்விட்டாள். அவள் போனாள், பேச்சு போகவில்லை. மேனாம்பேட்டில் இந்தக் கோடியில் ஒன்று சொன்னால் அந்தக் கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும். அதனால்தான் உன்னை எழுதி வைக்கச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நடந்தது தெரியும். ஓடிப்போனவன் என்று அவள் சொல்கிற அந்தக் கஜபதி இருந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

கஜபதி பட்டாபிராமத்துப் பையன். இங்கே மாவு மில் வைத்திருந்த சின்னப்பையன் அவனுக்குத் தாய்மாமன். சின்னப்பையனுக்கு ஆண் வாரிசு இல்லை, பார்வதம் ஒருத்திதான். மனிதர் படுக்கையில் விழுந்தபோது கஜபதியை வரவழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, “மில்லையும் பொண்ணையும் உன்னாண்ட உடறேன் நைனா, ரெண்டையும் உட்டுட்டுப் போவாதே” என்றார். கஜபதி தலையை ஆட்டினான். அப்படித்தான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். மாமன் காரியம் முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம். நான்தான் ஆரத்தி எடுத்தேன்.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம் தெருவில் அவனுக்கு ஒரு பெயர் கூடக் கிடையாது. டீக்கடையிலும் சலூனிலும் “தாயம்மா மாப்ளே” என்றுதான் கூப்பிட்டார்கள். தாயம்மாள் அவன் மாமியார். அவன் இரண்டாவது டீ கேட்டால், “குடி, குடி, மாமியார் கணக்குத்தானே” என்று ஒருத்தன் சிரிப்பான். அதற்காகவே அவன் மற்றவர்களைவிட இரண்டு பங்கு உழைத்தான். கோதுமை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடுவான்.

அந்த வீடு எப்படி என்றால், தெருப்பக்கம் மில், அதற்குப் பின்னால் சமையல்கட்டும் படுக்கிற அறையும். கொல்லையில் வழி கிடையாது. உள்ளேயிருந்து தெருவுக்கு வர வேண்டுமானால் ஓடுகிற மெஷினை ஒட்டித்தான் வரவேண்டும். மாவும் அதே வழியில் உள்ளே போகும். பாத்திரத்தின் மேல், தலையணையின் மேல், சுவாமி படத்தின் மேல், எங்கே விரலை வைத்தாலும் வெள்ளையாக ஒட்டும்.

மில்லுக்கு வருகிறவர்களுக்கு ஒரே சண்டைதான். மிளகாய் அரைத்த கையோடு என் அரிசியைப் போடாதே, அவள் கோதுமையைப் போட்டுக் கழித்துவிட்டு என்னுடையதைப் போடு என்பார்கள். கஜபதி யாரையும் கோபிக்காமல், மிளகாய்க்குப் பின்னால் தன் வீட்டு அரிசி ஒரு பிடியைப் போட்டு ஓட்டி, அதைத் தள்ளிவிட்டு அடுத்தவளுடையதைக் கொட்டுவான். ஆவடி மிலிட்டரி குவார்ட்டர்ஸில் சப்பாத்தி தின்கிற வடக்கத்திக்காரர்கள் அதிகம். அங்கிருந்து சைக்கிளில் கோதுமை வந்துகொண்டே இருக்கும். மாவு கொட்டும் வாயில் கட்டிய துணிப்பையை அவன் கையால் தட்டித் தட்டிவிடுவான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புகை கிளம்பும். காலையில் கறுப்புத் தலையோடு உள்ளே போகிறவன் மத்தியானம் நரைத்த கிழவனாக வெளியே வருவான். புருவம், கண் இமை, மீசை எல்லாம் வெள்ளை.

முதலில் தும்மல். மாவு மில்லில் தும்முகிறவனை யார் கவனிப்பார்கள்? மிளகாய் நெடி என்றார்கள். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என் வீட்டு மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான். படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். தாயம்மாள் சும்மா இருக்கவில்லை. தூதுவளை ரசம் வைத்தாள், ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சினாள். மிளகாய்தான் பகை என்று நினைத்து, அதை இனி தானே அரைக்கிறேன் என்று முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயசான பொம்பிளை, கண்ணீர் வடிய வடிய மிளகாய் அரைப்பாள். கோதுமையில் கெடுதல் இல்லை என்று நினைத்து அதை மட்டும் அவனுக்கு விட்டுவைத்தாள். பாசத்தில் செய்தது. அதற்குப் பிறகு அவனுக்கு இழுப்பு இன்னும் அதிகமாகிவிட்டது.

காசநோய் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து அது இல்லை என்று ஆயிற்று. அப்புறம்தான் நான் நஜீர் டாக்டரைப் பற்றிச் சொன்னேன். பூந்தமல்லிக்காரர், அம்பத்தூரில் கிளினிக் வைத்திருந்தார். என் இருமலை நிறுத்தியவர் அவர்தான்.

தாயம்மாளும் நானும் கஜபதியும் போனோம். புறப்படும்போது தாயம்மாள் அவனைச் சீயக்காய் தேய்த்துக் குளிக்கச் சொல்லி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியும் எடுத்துக் கொடுத்தாள். “டாக்டராண்ட போறோம் மாப்ளே, மாவு மூட்டையாட்டம் வரக்கூடாது.” அவனும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வந்தான்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

கஜபதி வாயைத் திறப்பதற்குள் தாயம்மாள், “மில்லு ஓனருங்க” என்றாள்.

டாக்டர் சட்டையைப் பார்த்தார். “அப்ப உக்காந்து பாக்கற வேலை. தூசு தும்பு இருக்காது.”

“எங்க மாப்ளைக்கு அதெல்லாம் இல்லீங்க. ஆளுங்க பாத்துக்குவாங்க.”

ஆளாவது ஒன்றாவது. ஆனால் அவளைப் பொய்க்காரி என்று நினைத்துவிடாதே. வெளியாள் முன்னால் மாப்பிள்ளையைக் கூலிக்காரனாகக் காட்ட எந்த மாமியாருக்கு மனசு வரும்? அதிலும் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையை? கஜபதியும் அத்தை பேச்சை நாலு பேர் முன்னால் மறுக்கிற பையனில்லை. குனிந்துகொண்டான். இன்றைக்குக் கேட்டாலும் அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் சொல்வேன். தப்பு அந்தச் சட்டையின் மேல்.

“எது ஒத்துக்கலன்னு ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்” என்றார் டாக்டர். “முன்னெல்லாம் சீமையில பறக்கற பூந்தூள், சீமைப் புல்லுன்னு வெச்சுப் பாத்தாங்க. நம்ம ஆளுக்கு அது எதுக்கு? இப்ப நம்ம பக்கம் காத்துல இருக்கறது, நம்ம அடுப்புல வேகறதுன்னு தனித்தனியாப் பாக்கறாங்க. வேலிகாத்தான் பூ, வீட்டுத் தூசி, கரப்பான், அரிசி, கோதுமை, மிளகாய், மீன், எறா, எல்லாமே.”

“கரப்பான் கூடவா ரத்தத்துல தெரியும்?” என்று தாயம்மாள் அதிர்ந்துபோனாள்.

“கரப்பான் தெரியாதும்மா. அது ஒடம்புக்கு ஒத்துக்குதா, இல்ல ரத்தம் அதுமேல சண்டைக்கு நிக்குதான்னு தெரியும்.”

நர்ஸ் பெண் ஊசியை ஏற்றினாள். தாயம்மாள் பக்கத்திலேயே நின்று, “போதும்மா, போதும். இம்மாங்காட்டி எடுத்தா புள்ள எப்பிடி எயுந்து நடப்பான்? கொறஞ்சா என்னுத எடுத்துக்க” என்றாள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சை வைத்து அழுத்தினாள். ரத்தம் பம்பாய்க்குப் போகும், வருவதற்கு நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும் தாயம்மாள் தினம் இரண்டு முட்டை வேகவைத்துக் கொடுத்தாள், போன ரத்தம் திரும்ப ஊறவேண்டுமாம்.

முடிவு வந்தது. மறுபடியும் அதே சட்டை, அதே மூன்று பேர். டாக்டர் படித்துவிட்டுச் சொன்னார்: “மிளகாய் ஒண்ணும் பண்ணல. மீனு, எறா ஒண்ணும் பண்ணல. வீட்டுத் தூசி கொஞ்சம் இருக்கு. கோதுமைதான் ஜாஸ்தி. கோதுமை இவருக்கு ஆகாது. அது இல்லாம பாத்துக்கங்க.”

ஆகாது என்று டாக்டர் சொன்னால் நம் ஜனத்துக்குத் தெரிந்தது பத்தியம் ஒன்றுதான். தாயம்மாள் கேட்டதெல்லாம் அதுதான். கத்திரிக்காய் போடலாமா? ரவை கோதுமையில் சேர்த்தியா? பன்னு? சேமியா? டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மாத்திரையும், வாயில் வைத்து இழுக்கிற மருந்தும் எழுதிக் கொடுத்தார். கோதுமையை அரைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி எதற்கு அரைக்கப் போகிறார்?

அன்றைக்கு ஆரம்பித்தது பத்தியம். அந்த வீட்டில் சப்பாத்தி இல்லை, உப்புமா இல்லை, டீயில் தோய்க்க பிஸ்கட் இல்லை. மாப்பிள்ளைக்கு ஆகாதது எனக்கும் வேண்டாம் என்று தாயம்மாளும் விட்டாள். யாரோ கல்யாண வீட்டுக் கேசரி கொடுத்தனுப்பியபோது அப்படியே என் வீட்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். இவ்வளவும் உள்ளே. வெளியே அவன் அதே மெஷின் பக்கத்தில் நின்று, குவார்ட்டர்ஸ் கோதுமையை அதே துணிப்பையில் தட்டிக்கொண்டிருந்தான். மருந்தை இழுத்தால் கொஞ்சம் அடங்கும். மறுபடி தட்டுவான், மறுபடி இழுக்கும்.

அந்தச் சமயத்தில் அவன் தங்கைக்குக் கல்யாணம். பட்டாபிராமம் போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினான். பந்தல் போட்டான், பந்தி பரிமாறினான், நாள் முழுக்க ஓடியாடினான். மூச்சு ஒரு தரம்கூட இழுக்கவில்லை. திரும்பி வந்து மெஷினைப் போட்ட அன்றைக்கே நெஞ்சில் விசில். தெருவுக்கு இது போதாதா?

“பாத்தியா ஆயா, தங்கச்சி கல்யாணத்துல மட்டும் இளுக்கல. இங்க வேலன்னா இளுக்குது. ரத்தம் எடுத்தாச்சு, பத்தியமும் இருந்தாச்சு. இன்னும் இன்னா? சோம்பேறித்தனத்துக்கு எந்த ஊர்ல டெஸ்டு எடுப்பாங்க?” இதைச் சொன்னதும் வேம்புலியம்மாள்தான்.

நான் அவளை ஏசிவிட்டேன். ஆனால் கஜபதி காதில் அது விழுந்துவிட்டது. மில்லை மூடியபிறகு என் வீட்டு முற்றத்தில் வந்து உட்காருவான். அங்கே அவனுக்குக் கொஞ்சம் காற்று கிடைக்கும். அன்றைக்கு முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், “ஆயா, நெசமாவே எனக்கு ஒடம்பு சரியில்லையா, இல்ல நான் வேலைக்கு அஞ்சறவனா? எனக்கே தெரில” என்றான்.

நோய் வந்தவனைப் பார்த்திருக்கிறேன். நோயையே சந்தேகப்படுகிற நோயாளியை அப்போதுதான் பார்த்தேன். “போடா பைத்தியக்காரா” என்று திட்டி, ஒரு லோட்டா சுக்குக் காப்பி கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

தீபாவளி வந்தது. மாவு மில்லுக்கு அதுதான் அறுவடை. முறுக்குக்கு அரிசி, பஜ்ஜிக்குக் கடலை, சோமாசிக்குக் கோதுமை என்று வாசல் தாண்டித் தெருவரைக்கும் தகர டின் வரிசை. மழை வேறு, கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தார்கள். புகை வெளியே போக வழியில்லை. நானும் அரிசி டின்னோடு நின்றேன். கஜபதி துணிப்பையைத் தட்டினான். இன்னொரு தட்டுத் தட்டக் கை தூக்கினான், தூக்கிய கை அப்படியே நின்றது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. மாவு வெள்ளைக்கு நடுவில் அந்த நீலத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

பார்வதம் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டோம். சட்டை மாற்ற நேரமில்லை, முகம் துடைக்க நேரமில்லை. பனியனும் கைலியுமாக, தலை முதல் கால் வரை மாவோடு நஜீர் டாக்டர் முன்னால் கொண்டுபோய்க் கிடத்தினோம்.

டாக்டர் மூக்கில் மூடியை வைத்து மருந்துப் புகையைக் கொடுத்தார், ஊசி போட்டார். பிறகு எங்களைப் பார்த்து, “பெரியவருக்கு எவ்வளவு நாளா இந்த இழுப்பு?” என்று கேட்டார்.

“பெரியவரா?” என்றாள் பார்வதம். “டாக்டர், இது எம் மாமா. கஜபதி. நீங்கதானே ரத்தம் எடுத்தீங்க?”

டாக்டர் குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலால் அவன் புருவத்தைத் தேய்த்தார். வெள்ளை போய்க் கறுப்பு தெரிந்தது. விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன மாவு?”

“கோதுமதாங்க” என்றாள் தாயம்மாள். “ஆனா சத்தியமா ஒரு வா துன்னல டாக்டர். நானும் துன்னல. ஊட்டாண்டயே சேக்கல.”

“யாரு அரைக்கறது?”

இந்த முறை யாரும் முந்திக்கொள்ளவில்லை. மூடியை விலக்கிக்கொண்டு கஜபதியே சொன்னான்: “நான்தாங்க.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. “அம்மா, நீங்க இவருக்கு வாயைக் கட்டினீங்க. கட்ட வேண்டியது மூக்கை. வெந்த சப்பாத்தி இவருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நெனைக்கறேன், அதை அப்புறம் என் கண்ணு முன்னாடி குடுத்துப் பாத்துக்கலாம். காத்துல பறக்கற மாவுதான் இவர் நெஞ்சை இறுக்குது. மெஷின் பக்கமே போகக்கூடாது. மெஷின் இருக்கற வீட்லயும் படுக்கக்கூடாது. அடுத்த தடவை கொண்டுவர நேரம் இருக்குமோ இருக்காதோ.”

பார்வதம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர். பயத்தில் என்று தாயம்மாள் நினைத்தாள். எனக்குத் தெரியும், அது பயமில்லை. தான் சோம்பேறி இல்லை என்று ஒரு மனிதனுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தாயம்மாள் சொன்ன முதல் வார்த்தை, “மில்ல மூடிட்றேன்.”

“வோணாம் அத்தே” என்றான் கஜபதி. “மாமன் பேர்ல கீற மில்லு. அத்த மூடிட்டு மூணு பேரும் இன்னா பண்றது?”

“ஊட்டோட மாப்ளே வெளிய போனா தெரு இன்னா சொல்லும் தெரியுமா? மாமியாக்காரி தொரத்திட்டான்னும். இல்ல, நீங்க ஓடிட்டீங்கன்னும். அவருக்கு நீங்க குடுத்த வாக்கு வேற கீது.”

அப்போது பார்வதம் பேசினாள். அதிகம் பேசாத பெண். “எங்கப்பா உட்டுட்டுப் போவாதேன்னு சொன்னது மூச்சு கீற மனுசனாண்டமா. மில்ல நான் ஓட்டறேன். எனக்கு ஒரு தும்மல் கூட வர்ல. மாமா போவட்டும். தெரு இன்னா வோணா சொல்லட்டும்.”

“சொல்றவளுங்கள என்னாண்ட அனுப்பு” என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னேன்.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்கிற ஒரு யூனிட்டில் அவனுக்கு வேலை அமைந்தது. பக்கத்திலேயே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை லீவு. டாக்டர் பார்வதத்துக்கும் சொல்லியிருந்தார், அவனைப் பார்க்கப் போனால் தலைக்குக் குளித்து, மில்லில் கட்டாத புடவையைக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும், முடியில் ஒட்டிய மாவே போதும் அவனை இழுக்க. அவளுடைய நல்ல புடவை இரண்டு இன்றைக்கும் என் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. சனிக்கிழமை தலைக்கு ஊற்றுவதன் ரகசியம் இதுதான். வேம்புலியம்மாள் காதில் யாராவது போடுங்கள்.

கஜபதி போன நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கார்த்திகை மாதம், மழை விட்டு வெயில் அடித்தது. அவன் துணிகளை முன்பே என் வீட்டில் துவைத்து, என் மாடியில் காயவைத்து, என் பையில் மடித்து வைத்திருந்தோம். குளியலும் என் வீட்டில்தான். ஆனால் குளித்து முடித்தவன், “அத்தையாண்ட சொல்லிக்காம எப்பிடி ஆயா போறது?” என்றான். சொல்லிக்கொள்ள வேண்டுமானால் மெஷினைத் தாண்டி உள்ளே போய், மறுபடி அதைத் தாண்டி வெளியே வரவேண்டும்.

பார்வதம் போய்த் தாயம்மாளிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அந்த மில்லில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. வாசலில் ஆள் நிற்கும்போது, மேல் தொட்டியில் கோதுமை பாதி இருக்கும்போது, தாயம்மாள் சுவிட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

“இன்னா தாயம்மா, பாதில நிறுத்திட்டே? என் கோதும உள்ள கீது” என்று வரிசையில் முதலாவதாக நின்றவள் கத்தினாள். யார் என்று நினைக்கிறாய்? வேம்புலியம்மாள்தான். அதனால்தான் சொல்கிறேன், ஓடிப்போனதை அவள் பார்க்கவில்லை, நடந்து போனதைத்தான் பார்த்தாள்.

“உன் கோதும எங்கியும் போவாது. நில்லு” என்றாள் தாயம்மாள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, மெஷின் அடியிலிருந்து வாசற்படிவரைக்கும் தரையில் கையால் தெளித்தாள். விளக்குமாற்றைத் தொடவில்லை. பறந்துகொண்டிருந்ததெல்லாம் மெல்ல இறங்கி ஈரத்தில் படிந்தது. மாவு முழுதும் அடங்கும்வரை ஒருத்தரையும் அசையவிடவில்லை.

கஜபதி ஈரத்தில் காலை வைத்து உள்ளே போனான். மாமன் படத்தைக் கும்பிட்டான். தாயம்மாள் காலில் விழப்போனவனைத் தோளைப் பிடித்து நிறுத்தி, “கீய குனியாதீங்க மாப்ளே, தரையெல்லாம் மாவு” என்றாள். அவன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தாள். தன் கையில் மாவு இருப்பது நினைவுக்கு வந்து சட்டென்று கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பார்வதம் பையை எடுத்து முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான். அந்தக் கஞ்சி போட்ட சட்டைதான், ஒரு பொட்டு வெள்ளைத் தூள் இல்லை. தலைமுடி கறுகறு என்று இருந்தது. இத்தனை வருஷம் அவன் கையால் மாவு வாங்கிய பொம்பிளைகள், இவன் இவ்வளவு சின்னப் பிள்ளையா என்பதுபோல டின்னைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றான். தெருவைப் பார்த்தபடி ஒரு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான். அது விசில் இல்லாமல் போயிற்று, விசில் இல்லாமல் வந்தது.

“போய்ட்டு வரேன் அத்தே.”

“வாங்க மாப்ளே” என்றாள் தாயம்மாள்.

அவன் படியிறங்கினான். வேம்புலியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாயம்மாள் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முனையில் திரும்பி மறையும்வரை மெஷினைப் போடவில்லை.